ரிஸ்ஸோயினா வடிவே

கண்ணைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு அந்த நர்ஸ் பெண் போய்விட்டாள். சொன்ன பிறகுதான் ஆவுடையப்பனுக்குத் திறக்க வேண்டும்போல் இருந்தது. அறுபத்துநான்கு வருடமாகத் தன்பாட்டுக்குத் திறந்து மூடிக்கொண்டிருந்த இமைகள், அவரிடம் உத்தரவு கேட்டு நிற்பது இதுதான் முதல் தடவை. சொட்டு மருந்து முதலில் குளிர்ந்தது, பிறகு எரிந்தது, பிறகு எந்தச் சந்து வழியாகவோ இறங்கித் தொண்டையில் வந்து கசந்தது. கண்ணில் விட்டது நாக்கில் தெரிகிறதே, எதையும் ஓரிடத்தில் போட்டு மூடிவைக்க முடியாது போலிருக்கிறதே, அது வேறு பாதை கண்டுபிடித்து வாய்க்கு வந்துவிடும் போலிருக்கிறதே என்று நினைத்தார். நினைத்த மாத்திரத்தில் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. இருந்தது. நான்காக மடித்த தாள். மூச்சை உள்ளே இழுத்தால் மெல்லச் சரசரக்கிறது, விட்டால் இன்னொரு தரம். அதனால் ஆவுடையப்பன் கால் மணி நேரமாக அரை மூச்சுதான் விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி வடிவு. அவளுக்கும் இரண்டு கண்ணிலும் மருந்து விட்டு மூடச் சொல்லியிருந்தார்கள். கண்ணின் பாப்பா விரிவதற்கு மூன்று தடவை மருந்து, நாற்பது நிமிடம், பிறகுதான் டாக்டர் பார்ப்பார் என்று ஜெபராணி என்கிற அந்த நர்ஸ் சொல்லியிருந்தாள். கண் தெரியாவிட்டால் என்ன, வடிவுக்குக் காது இருக்கிறது. தூத்துக்குடி தொலைபேசி நிலையத்தில் முப்பத்தொரு வருடம் ஆபரேட்டராக இருந்த காது. டிரங்க் கால் காலத்தில், திருச்சிக்கும் மதுரைக்கும் நடுவில் எங்கோ மழை பெய்கிறது என்று லைன் இரைச்சலை வைத்தே சொன்ன காது. அந்தக் காதுக்கு முக்கால் முழத்தில் ஒரு தாளை வைத்துக்கொண்டு மூச்சு விடுவது எப்படி?

மின்னஞ்சல் செவ்வாய்க்கிழமை வந்தது. இன்று வெள்ளி. பிரிண்ட் எடுத்ததே தப்பு. திரையில் இருந்தால் அது செய்தி, தாளில் வந்துவிட்டால் தீர்ப்பு மாதிரி ஆகிவிடுகிறது. ஆனால் தாளில் படித்தால் வேறு மாதிரி இருக்குமோ என்று ஒரு நப்பாசை. இல்லை, தாளிலும் அதேதான். மேற்குக் கரையில் ஏதோ ஒரு கடலாய்வு நிலையத்தில் இருக்கும் முனைவர் அபிஷா எழுதியிருக்கிறாள். நல்ல பெண். எழுத்தில் ஒரு மரியாதை. மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் கட்டுரைகளைப் படித்துத்தான் நான் இந்தத் துறைக்கு வந்தேன் என்று ஆரம்பித்திருக்கிறாள். இப்படி ஆரம்பிக்கிற கடிதம் எதுவும் நல்லபடியாக முடிந்ததில்லை. ரிஸ்ஸோயினா என்கிற பேரினத்தை முழுக்க மறுபடி ஆராய்ந்திருக்கிறார்கள். பேரினம் என்றால் குடும்பத்துக்குள்ளே ஒரு கொத்து, ஒரே வளவுக்குள் இருக்கிற வீடுகள் மாதிரி. அதற்குள் ஒவ்வொரு வீடும் ஒரு சிற்றினம். அரிசிமணி அளவுள்ள வெள்ளைக் கடல் நத்தைகள், நீளவாட்டில் விலா எலும்பு போல வரிகள், பாறையில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்றுகொண்டு யார் வம்புக்கும் போகாத ஜீவன்கள். இத்தனை காலம் கூட்டைப் பார்த்து, வரியை எண்ணி, வாயின் வளைவைப் பார்த்துத்தான் அண்ணன் தம்பி யார், அசலூர்க்காரன் யார் என்று பிரித்தது. இப்போது கூட்டை விட்டுவிட்டு உள்ளே இருக்கிற சதையில் ஒரு துளி எடுத்து மரபணுவைப் படித்துவிடுகிறார்கள். படித்ததில் வளவு மூன்றாக உடைந்துவிட்டது. பாகப்பிரிவினை. கூடப் பிறந்தவர்கள் என்று நினைத்தவை அசலாகவும், அசல் என்று நினைத்தவை ஒரு வயிற்றுப் பிள்ளைகளாகவும் ஆகிவிட்டன. இரண்டாம் பக்கம், ஏழாவது வரி. தாங்கள் 1992-இல் புதிதென்று பெயரிட்ட ரிஸ்ஸோயினா வடிவே, 1860களில் ஒரு கப்பல் டாக்டர் பெயரிட்ட பழைய சிற்றினமேதான் என்பது உறுதியாகிறது. எனவே தாங்கள் இட்ட பெயர் செல்லாது. தங்களைப் புண்படுத்தும் நோக்கமில்லை. தாங்களும் இக்கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவராகச் சேர்ந்தால் எங்களுக்குப் பெருமை. வெள்ளிக்கிழமை மாலைக்குள் தெரிவித்தால் நல்லது. அதாவது, நீங்களே கையெழுத்துப் போட்டு உங்கள் பெண்டாட்டி பேரை அடித்துவிடுங்கள் என்று இதைவிட மரியாதையாகக் கேட்க முடியாது.

வடிவே. அந்த ஏ. லத்தீன் இலக்கணப்படி ஒரு பெண்ணின் பெயரை வைத்தால் கடைசியில் அப்படி ஒரு வால் ஒட்ட வேண்டும், வடிவினுடைய என்று அதற்கு அர்த்தம். கல்லூரி ஆசிரியர் அறையில் தமிழ்த்துறைக்காரர்தான் முதலில் கண்டுபிடித்து மேசையைத் தட்டினார்: ஐயா, இது விளி வேற்றுமை அல்லவா, ஊரறிய உலகறியக் கூப்பிட்டுவிட்டீர்களே. ஆவுடையப்பன் அதுவரை அதை யோசிக்கவே இல்லை. யோசித்தபோது காது மடல் சூடாகிவிட்டது. வீட்டில் அவர் அவளைப் பேர் சொல்லிக்கூட அதிகம் கூப்பிட்டதில்லை, 'இந்தா பாரு' என்பதோடு சரி. அப்படிப்பட்டவர் சர்வதேச ஆய்விதழில், அச்சில், சாய்வெழுத்தில், வடிவே! எல்லாம் அந்த இட்லிக் கொப்பரையால் வந்தது. கல்யாணமாகி நாலு மாதம். அவள் காலை ஷிப்டுக்குப் போயிருந்தாள். ஒரு கூடை யானைமுள்ளிச் சங்கு, உள்ளே சதையோடு, அவித்தால்தான் சுத்தமாகக் கழற்ற முடியும், கல்லூரி அடுப்பு ரிப்பேர். அவர் சமையலறையில் தேடினார், அகலமாகவும் மூடியோடும் ஒரே ஒரு பாத்திரம்தான் இருந்தது. அவள் அம்மா வீட்டிலிருந்து சீராக வந்தது, சைவ வீட்டுப் பாத்திரம் என்பதெல்லாம் அந்த நேரத்தில் தோன்றவில்லை. மூடி இருக்கிறது என்பது மட்டும்தான் தோன்றியது. ஷிப்டு முடிந்து தெருமுனையில் திரும்பும்போதே வடிவுக்கு வாடை தெரிந்துவிட்டது. யார் வீட்டிலோ என்னவோ செத்துக் கிடக்கிறது என்று பாவப்பட்டுக்கொண்டே வந்திருக்கிறாள். கொப்பரை மூடியைத் திறந்து பார்த்தாள், அழவில்லை, சத்தம் போடவில்லை, பையை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்கு வள்ளியூர் பஸ் ஏறிவிட்டாள். திரும்பி வரப் பதினொரு நாள். அந்தப் பதினொரு நாளில்தான் ஆவுடையப்பன் பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்து, சலித்த கடல் மணலில் இருந்து பொறுக்கிய அந்த அரிசிமணியின் வரிகளை எண்ணி எண்ணி, இது இதுவரை யாரும் பேர் வைக்காதது என்று முடிவு கட்டினார். பேர் வைக்க வேண்டிய இடத்தில் பேனா தானாக நின்றது. மன்னிப்புக் கேட்டு ஒரு இன்லண்டு லெட்டர் எழுத அவருக்குத் தெரியவில்லை. கட்டுரை எழுதத் தெரியும்.

அது வேலை செய்துவிட்டது, அதுதான் வினை. அச்சாகி வந்த பிரதியை அவள் வாங்கிப் பார்த்தாள், ஒரு வார்த்தை புரியவில்லை, தன் பெயர் மட்டும் சாய்ந்து கிடப்பதைப் பார்த்தாள், இது எத்தனை நாளைக்கு இருக்கும் என்று கேட்டாள். எப்போதும் இருக்கும் என்றார் அவர். ஒரு தடவை வைத்துவிட்டால் மாற்ற முடியாதா என்றாள். முடியாது என்றார். சத்தியமாக அப்படித்தான் சொன்னார், அதில் ஒரு சிறு நிபந்தனை உண்டு என்பதை மட்டும் விட்டுவிட்டார். புதுப் பெண்டாட்டியிடம் நிபந்தனையெல்லாம் யார் சொல்வார்கள். அதற்குப் பிறகு அந்த நத்தை ஆவுடையப்பனுடையதாக இல்லை. ஒரு கூட்டைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டுப் பூஜை அலமாரியில், முருகன் படத்துக்குக் கீழே வைத்தாள். வெள்ளிக்கிழமை தோறும் குப்பிக்கும் ஒரு குங்குமப் பொட்டு உண்டு. நத்தை அசைவமாயிற்றே என்று இவர் ஒருநாள் மெல்லச் சொல்லிப் பார்த்தார். மயில் மட்டும் சைவமா, பாம்பைத் தின்கிறதே என்று கேட்டாள். கல்யாண வீடுகளில் சொந்தக்காரிகள் வளையல், நெக்லஸ் என்று நீட்டிக் காட்டினால், இவள் வெறுங்கழுத்தோடு உட்கார்ந்து, என் பேரில் கடலில் ஒரு நத்தை இருக்கிறது என்பாள். அதற்கு மேல் யாரும் எதையும் நீட்ட மாட்டார்கள். வீடு கட்டியபோது வாசலில் கிரானைட்டில் 'ரிஸ்ஸோயினா' என்று வெட்டி வைத்ததும் அவள் முடிவுதான். அன்றிலிருந்து தபால்காரருக்கு அது ரிசானா வீடு. கேஸ் கொண்டுவருபவர் ரோசினா அக்கா வீடு என்பார். ரம்ஜானுக்கு இரண்டு இடங்களிலிருந்து பிரியாணி வருகிறது. சைவச் சாப்பாட்டுக்காரர்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்ப வடிவுக்கு மனசு வராது, எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, பாத்திரத்தில் பால் கொழுக்கட்டை போட்டு அனுப்புவாள். இப்போது அபிஷா சொல்கிற கணக்கில், வளவை மூன்றாக உடைத்ததில் இவர்கள் நத்தை ரிஸ்ஸோயினாவிலேயே இல்லை. வாயில் நுழையாத வேறொரு புதுப் பேரினத்துக்குப் போகிறது. அப்படியென்றால் வடிவும் இல்லை, ரிஸ்ஸோயினாவும் இல்லை, கிரானைட் மட்டும் இருக்கிறது.

தொலைக்காட்சியில் ஏதோ ஒரு தொடர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வரிசை ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குரலை மட்டும் வைத்துப் பார்த்தால், அதில் ஒருவன் மனைவியிடம் எதையோ மறைக்கிறான், அவள் அவனுக்குப் பாயசம் கொடுக்கிறாள். வீணை அழுகிறது. வடிவு சாவகாசமாக, இவன் இப்பவும் சொல்ல மாட்டான், பயந்தாங்கொள்ளி என்றாள். ஆவுடையப்பனின் மூச்சு அரையிலிருந்து காலாகக் குறைந்தது. யாரைச் சொல்கிறாள்? டிவியைத்தான். டிவியைத்தானா? அவள் வலது பக்கம் இருந்தவர், உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்த பொன்மாடசாமி என்று வந்ததுமே தன்னை அறிமுகம் செய்துகொண்டவர், ஆமாம்மா நானும் மூணு வாரமா கேக்கேன், வாயத் திறக்க மாட்டேங்கான் என்று ஆமோதித்தார்.

மூடிய இமைக்குள் சிவப்பாக ஒரு வெளிச்சம் சுருண்டு சுருண்டு போயிற்று. உற்றுப் பார்த்தால் அது நத்தையாகிவிடுகிறது. நத்தையானால் எண்ணத் தொடங்கிவிடுகிறார். ஒன்று, இரண்டு, மூன்று. இருபது. எப்போது எண்ணினாலும் இருபது. அங்கேதான் ஊசி மறுபடி மறுபடி வந்து குத்துகிறது. செவ்வாய்க்கிழமை வந்த கடிதம் வெறும் கடிதம். ஆவுடையப்பனுக்கு விஷயம் 2004-லேயே தெரியும். இதை அவர் தனக்குத்தானே முழு வாக்கியமாகச் சொல்லிக்கொண்டது இன்றைக்குத்தான், கண்ணை மூடிக்கொண்டு வேறு வேலை இல்லாததால். கல்கத்தாவில் ஒரு கருத்தரங்குக்குப் போனபோது பழைய நூலகம் ஒன்றில் அந்தக் கப்பல் டாக்டரின் அசல் புத்தகத்தைப் பார்த்தார். அதற்கு முன் அவர் பார்த்ததெல்லாம் விவரணையின் தட்டச்சுப் பிரதி மட்டும்தான், அதில் வரிகள் பத்து என்றிருந்தது. இவருடையதில் இருபது. பத்து எங்கே, இருபது எங்கே, வேறு வேறு நத்தை, சந்தேகமே இல்லை என்றுதான் பெயர் வைத்தார். நூலகத்தில் படம் இருந்தது. கையால் வண்ணம் தீட்டிய படம், கட்டைவிரல் பெரிதாக, ஒவ்வொரு வரியும் துல்லியமாக. பார்த்த நிமிடமே புரிந்துவிட்டது. அந்த டாக்டர் நத்தையைத் திருப்பவே இல்லை. மேசைமேல் வைத்து, தன் பக்கம் தெரிந்த வரிகளை மட்டும் எண்ணி எழுதிவிட்டு, ராச்சாப்பாட்டுக்குப் போய்விட்டிருக்கிறார். முன்பக்கம் பத்து, பின்பக்கம் பத்து. வடிவு அங்கே தாளில் படுத்திருந்தாள், கீழே இன்னொருத்தி பெயர் எழுதியிருந்தது. ஆவுடையப்பன் புத்தகத்தை மூடினார், நூலகரிடம் நன்றி சொன்னார், இரண்டு நாள் ரயிலில் ஒன்றும் சாப்பிடாமல் ஊர் வந்தார், யாரிடமும் சொல்லவில்லை. யார் சொல்லவில்லை? ஆவுடையப்பன். கல்லூரி ஆண்டுவிழாவில் தாளாளர் தலைமை விருந்தினருக்கு வலம்புரிச் சங்கு என்று வெள்ளித் தட்டில் வைத்துக் கொடுத்தபோது, நன்றியுரை சொல்ல வந்த மைக்கில், இது வலம்புரி அல்ல, அமெரிக்கக் கரையில் இடப்பக்கம் சுருள்கிற வேறொரு சாதி, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று அறிவித்த அதே ஆவுடையப்பன். துறைத் தலைவர் பதவி அன்றைக்கு அந்த மைக் வழியாகவே போயிற்று. வடிவின் தம்பி மகள் செய்முறைத் தேர்வில் ஊசிச் சங்கைத் திருகுச் சங்கு என்று எழுதியதற்குச் சுழியம் போட்ட ஆவுடையப்பன். மைத்துனர் நாலு வருடம் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. ஒரு மதிப்பெண்ணாவது போட்டிருக்கலாமே என்று வடிவு கெஞ்சியபோது, நத்தை விஷயத்தில் நான் பொய் சொல்ல மாட்டேன் என்று சோற்றில் கைவைத்துக்கொண்டு சொன்னவர். அதே சோறு, அதே கை. கல்கத்தாவுக்கு அப்புறம் இருபத்தொரு வருடம்.

"பையில என்ன வச்சிருக்கிய?" என்றாள் வடிவு. "மூச்சு விடுதப்பல்லாம் சரசரங்கு."

ரத்தப் பரிசோதனைச் சீட்டு என்று அவர் வாய் சொல்லிவிட்டது. ஏன் சொன்னது என்று அவருக்கே தெரியாது. ஒன்றை மூடுவதற்கு இன்னொன்றை எடுத்து வைக்கிறோம், அது முதலாவதைவிடப் பெரிதாகிவிடுகிறது. வடிவு மெதுவாக, அவளுக்கே உரிய அந்த எக்ஸ்சேஞ்ச் குரலில், செவ்வாய்க்கிழமையிலிருந்து நீங்கள் சரியாகச் சாப்பிடவில்லை என்றாள். புதன்கிழமை குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா நின்றீர்கள் என்றாள். நேற்று என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள், நான் திரும்பினால் காலண்டரைப் பார்த்தீர்கள் என்றாள். எத்தனை நாளாகத் தெரியும், எந்த டாக்டர், என்ன சொன்னார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தவளின் குரல், சர்க்கரையா என்பதில் நிதானமாக இருந்து, நெஞ்சிலா என்பதில் கம்மி, அதற்கு மேல் ஒரு வியாதியின் பெயரைச் சொல்ல வாயெடுத்து நின்றுபோயிற்று. இவள் என்னைப் பாடையில் ஏற்றிவிட்டாளே. அதெல்லாம் ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லை என்பதை அவர் சொன்ன விதம், உலகத்தில் எந்த மனைவியும் நம்பக்கூடிய விதமாக இல்லை. தாளை இங்கே கொடுங்கள் என்றாள். உனக்குத்தான் கண் தெரியாதே என்றார். அந்தக் காரணம் அரை நிமிடம்கூட நிற்கவில்லை, ஏனென்றால் ஜெபராணி இரண்டாம் தடவை மருந்து விட வந்துவிட்டாள். தாயி, இவங்க சட்டைப் பையில ஒரு சீட்டு இருக்கு, அதை எடுத்து என்னன்னு வாசி என்று வடிவு சொல்லிவிட்டாள். ஆவுடையப்பன் பையைப் பொத்தினார். ஆனால் அந்த நேரம் ஜெபராணி ஒரு கையால் அவர் முகவாயை மேலே தூக்கி, மறு கையால் இமையைப் பிரித்து மருந்தைச் சொட்டிக்கொண்டிருந்தாள். அந்த நிலையில் எந்த மனிதனாலும் பையையும் கண்ணையும் ஒருசேரக் காப்பாற்ற முடியாது.

தாள் பிரியும் சத்தம் கேட்டது. இங்கிலீஷ் லெட்டர்மா, பிளட் டெஸ்ட் எல்லாம் இல்லை என்றாள் ஜெபராணி. எழுத்துக் கூட்டினாள். "ரிஸ்... ரிஸ்ஸோயினா வடிவே."

"அது நாந்தான்," என்றாள் வடிவு.

ஜெபராணி ஒரு நிமிடம் வடிவைப் பார்த்திருக்க வேண்டும். பிறகு, நீங்க வந்து சினானிம்னு போட்டிருக்கும்மா என்றாள் கவலையாக, அது ஏதோ கண்வியாதி என்று நினைத்தவள் போல. உள்ளேயிருந்து யாரோ அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். தாளை வடிவின் மடியில் வைத்துவிட்டு, கண்ணைத் திறக்காதீங்க என்று மறுபடியும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இப்போது அந்தத் தாள் வடிவின் மடியில் இருக்கிறது, இரண்டு பேராலும் வாசிக்க முடியாது, வாய் மட்டும் இருக்கிறது. ஆவுடையப்பன் எச்சில் விழுங்கினார். கசந்தது. முப்பத்திரண்டு வருடமாகப் பாடம் நடத்திய குரலில் ஆரம்பித்தார். வகைப்பாட்டியலில் முந்தியவர்க்கு முதலுரிமை என்று ஒரு விதி உண்டு, ஓர் உயிருக்கு முதலில் யார் பெயர் வைத்தாரோ அதுதான் செல்லும், அதற்கே பிறகு வைத்த பெயர் சினானிம், வெறும் மறுபெயர். அதற்கு மேல் பாடம் ஓடவில்லை. "உம் பேரு போச்சு வடிவு," என்றார். பிறகு கடிதத்தில் இருந்த எல்லாவற்றையும் சொன்னார்: அபிஷா, மரபணு, மூன்றாகப் பிரிந்த வளவு, கப்பல் டாக்டர், மாலைக்குள் போட வேண்டிய கையெழுத்து. சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியாதது பெரிய உபகாரமாக இருந்தது. சொல்லி முடித்ததும் அதுவே பெரிய தண்டனையாகிவிட்டது.

முதலில் பேசியது பொன்மாடசாமிதான். சார், அப்ப அந்த நத்தைக்கு இது தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றார் ஆவுடையப்பன். பொன்மாடசாமி நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார். வடிவுக்கு வேறு கேள்விகள் இருந்தன. வியாதி எதுவும் இல்லையே என்பதை மூன்று தடவை, மூன்று விதமாகக் கேட்டு உறுதிசெய்துகொண்டாள். பெரிய மகள் தலைமேல் சத்தியம் வாங்கினாள். அதற்குப் பிறகுதான் நத்தைக்கு வந்தாள். அந்தப் பழைய பேர் என்ன என்றாள். ஹாரியட்டே என்றார். ஹாரியட் யார்? யாரென்று அந்த டாக்டர் எழுதவில்லை, பெண்டாட்டியாகத்தான் இருக்க வேண்டும். கப்பலில் போகிறவன், ஊரில் இருக்கிற பெண்டாட்டி பேரை வைத்திருக்கிறான், அவன் அவளுக்கு என்ன அநியாயம் செய்தானோ என்றாள் வடிவு. எம் பேரை என்ன செய்வார்கள், அழித்துவிடுவார்களா என்றாள். அழிக்க மாட்டார்கள், ஹாரியட்டேக்குக் கீழே சின்ன எழுத்தில் எப்போதும் கிடக்கும், செல்லாது என்ற குறிப்போடு. அப்படியானால் நாளைக்கு வேறு எவனாவது ஒரு நத்தையைக் கண்டுபிடித்து, அவன் வீட்டிலும் ஒரு வடிவு இருந்தால், ரிஸ்ஸோயினாவில் அந்தப் பேரை வைத்துவிடலாமா என்றாள். அது முடியாது, அந்தப் பேரினத்தில் அந்தப் பேர் ஒரு தடவை உபயோகமானது உபயோகமானதுதான், வேறு யாருக்கும் கிடையாது. வடிவு இதை யோசித்தாள். "அப்ப வேற எவளுக்கும் கிடையாது," என்றாள். "சரி. கையெழுத்தப் போட்டிருங்க. அந்தப் பிள்ள காத்துக்கிட்டு இருக்கும்லா."

விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். நாற்பது நிமிடத்தில் ஒரு மனிதனுக்கு இதற்கு மேல் நல்லது நடக்க முடியாது. வியாதி இல்லை என்றாகிவிட்டது, பெயர் போனது பெரிதில்லை என்றாகிவிட்டது, கிரானைட்டைப் பற்றி அவள் கேட்கக்கூட இல்லை. வாயை மூடிக்கொண்டு அடுத்த மருந்துக்குக் காத்திருந்தால் போதும். வாயை மூடு ஆவுடையப்பா என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். டிவியில் அவன் இன்னும் சொல்லவில்லை, பாயசத்துக்கு மேல் இப்போது வடை வந்துவிட்டது. ஆனால் கண்ணுக்குள் அந்தச் சிவப்புச் சுருள் நிற்க மாட்டேன் என்கிறது. முன்பக்கம் பத்து, பின்பக்கம் பத்து. அவள் பெருந்தன்மையாகக் கொடுத்ததைத் திருட்டுச் சாமான் மாதிரி மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக முடியவில்லை. கையெழுத்துப் போட்டால், அபிஷாவால் தெரியவந்தது என்றுதான் ஆகும். அது நத்தை விஷயத்தில் இன்னொரு பொய்.

"இன்னொண்ணு இருக்கு வடிவு," என்றார். "எனக்கு இது முன்னாடியே தெரியும்."

"செவ்வாக்கிழமையேவா? அதான் சொன்னியளே."

"ரெண்டாயிரத்து நாலுல. கல்கத்தா போயிருந்தேம்லா. அங்க படத்தப் பாத்துட்டேன்."

பக்கத்து நாற்காலியில் வளையல் ஒரு தடவை குலுங்கி அடங்கியது. ஆவுடையப்பன் காத்திருந்தார். வள்ளியூருக்கு இப்போது பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் இருக்கிறது. ஆனால் அங்கே இப்போது யார் இருக்கிறார்கள், தம்பி வீடுதான், தம்பி மகளுக்குச் சுழியம் போட்டவன் பெண்டாட்டியை அவர்கள் சந்தோஷமாகச் சேர்த்துக்கொள்வார்கள். கண் தெரியாமல் பஸ் நம்பரை எப்படிப் பார்ப்பாள்? யாரையாவது கேட்பாள். அவளுக்குக் கேட்கத் தெரியும். இருபத்தொரு வருடம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் குப்பிக்குப் பொட்டு வைக்கும்போது, இவர் பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பார்க்காமல் இருந்தது அவளுக்கு இப்போது ஞாபகம் வருமோ?

"இருபது வருசமாவா?" என்றாள் வடிவு.

"இருபத்தொண்ணு," என்றார். திருத்தாமல் இருக்க முடியவில்லை.

"ஒங்க நத்தைக்காரங்க யார்ட்டயும் சொல்லலியா?"

"யார்ட்டயும் சொல்லல."

"காலேஜ்ல?"

"இல்ல."

டிவியில் விளம்பரம் வந்திருந்தது. வடிவு தன் பக்கம் திரும்பியிருக்கிறாள் என்பது, அவள் மூச்சு தன் தோளில் படுவதிலிருந்து அவருக்குத் தெரிந்தது.

"நத்தை விசயத்துல," என்றாள், ஒவ்வொரு சொல்லாக, தூரத்து லைனில் பேசுகிறவள் மாதிரி. "நீங்க. பொய் சொன்னிய."

"ஆமா."

"எனக்காகவா?"

அவருக்கு இதற்கு ஒரு நீண்ட பதில் இருந்தது. சூழ்நிலை, ஆதாரம் போதாமை, மறுபரிசீலனைக்கான கால அவகாசம் என்று பகுதி பகுதியாக இருந்தது. அதில் எதுவும் வாய்க்கு வரவில்லை. "பின்ன வேற யாருக்கு," என்றார்.

அதற்குப் பிறகு அந்தப் பக்கமிருந்து வந்த சத்தம் என்னவென்று ஆவுடையப்பனால் வகைப்படுத்த முடியவில்லை. மூக்கை உறிஞ்சுவது போல ஆரம்பித்தது. தொண்டையில் எங்கோ சிக்கி நின்றது. நாற்காலிகள் எல்லாம் ஒரே இரும்புச் சட்டத்தில் கோத்தவை, அதனால் அவள் குலுங்குவது அவருக்கும் வந்தது, பொன்மாடசாமிக்கும் போயிற்று. அழுகிறாளா? கோபமா? அவர் கையை நீட்டித் தடவினார், முதலில் நாற்காலிக் கைப்பிடி கிடைத்தது, பிறகு தாள், பிறகு அவள் கை. அது அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. என்னம்மா, என்னாச்சும்மா என்று பொன்மாடசாமி கேட்டுக்கொண்டே இருந்தார். வடிவு, ஒண்ணுமில்லண்ணாச்சி, எங்க வீட்டுக்காரங்க ஒரு பொய் சொல்லிட்டாங்க என்று சொல்ல முயன்று, முடிக்க முடியாமல் மறுபடி குலுங்கினாள்.

ஜெபராணியின் செருப்புச் சத்தம் வந்து நின்றது. மூன்றாம் மருந்துக்கு வந்தவள். "என்னம்மா நீங்க," என்றாள். "மருந்து பூரா வெளிய வழிஞ்சிருச்சே. பாப்பா விரியவே விரியாது."

"அழுதாளா சிரிச்சாளா, அதச் சொல்லும்மா," என்றார் ஆவுடையப்பன்.

ஜெபராணி குனிந்து பார்த்தாள் போலிருக்கிறது. தெரியலையே சார் என்றாள். உங்கள் கண்ணும் அதே கதைதான் சார், சட்டையெல்லாம் நனைந்திருக்கிறது என்றாள். இரண்டு பேருக்கும் முதலிலிருந்து விட வேண்டும், இன்னும் நாற்பது நிமிடம் ஆகும், டாக்டர் திட்டுவார் என்றாள்.

"ஊத்து தாயி," என்றாள் வடிவு, கையை விடாமலே முகத்தை அண்ணாந்து கொடுத்தாள். "எங்களுக்கு அவசரமில்ல."